லிஃப்டரின் உள்பக்கம் நான் போட்ட கோடு

சத்தத்தை முதலில் கேட்டது என் மனைவிதான். நான் இல்லை. நான் மெக்கானிக்.

வேலை முடிந்து வந்தவள் கார் சாவியை ஆணியில் மாட்டினாள். பையைக்கூட இறக்கவில்லை.

"ஏங்க, வண்டி டிக் டிக்குன்னு அடிக்குதுங்க."

"எப்ப?"

"பாலத்துல ஏறுனதும். ரேடியோவ அமத்திட்டுக் கேட்டேன். காலு அமுத்துனா வேகமா அடிக்குது. எடுத்தா மெதுவா அடிக்குது."

பட்டறைக்கு வரும் ஆட்கள் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. "வண்டி ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். அவ்வளவுதான். நான் கீழே போய்க் காரை ஸ்டார்ட் செய்து கேட்டேன். எஞ்சினின் மேல்தலையில் யாரோ ஊசியால் தட்டுவது போல ஒரு சத்தம். டிக், டிக், டிக்.

மேலே வந்து, "நாளைக்குப் பார்க்கிறேன்" என்றேன்.

"பயமா எதுவும் இல்லல்ல?"

"இல்ல."

அப்போது எனக்கும் பயம் இல்லை. அந்த எஞ்சினை நான் முன்பே திறந்து பார்த்தவன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அது அவளுடைய அண்ணன் எங்களுக்குக் கொடுத்த கார். என் மச்சான். ஜெலுத்தோங்கில் நான் வேலை செய்த பட்டறையும் அவருடையதுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரிடம் இருந்தேன். வேலையில் என்னைப் பார்த்துத்தான் தங்கையைக் கொடுத்தார். அதை அவரே நாலு பேர் முன்னால் சொல்வார். "மாப்ள பேச மாட்டான். கைதான் பேசும்" என்பார். எனக்கு அது பிடிக்கும்.

என் மனைவி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். தொழிற்சாலை பஸ் எங்கள் ஃப்ளாட்டின் கீழேயே வந்து நிற்கும். பிறகு அவளுடைய பிரிவைக் கடலுக்கு அக்கரைக்கு, சிம்பாங் அம்பாட் பக்கம் மாற்றினார்கள். நாங்கள் இருக்கும் தீவிலிருந்து அங்கே பஸ் கிடையாது. வேலை வேண்டுமென்றால் நீயே வந்து சேர் என்று சொல்லிவிட்டார்கள். லைசன்ஸ் எடுத்துப் பல வருடம் ஆகியும் ஓட்டாதவள் அவள். காலை இருட்டில் கடல் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தில் வண்டி நின்றுபோனால் ஒதுங்க அதிகம் இடம் இருக்காது. பின்னால் லாரி வரும். அதுதான் அவளுக்குப் பயம்.

அவளோடு வேலை பார்த்த ஒருத்தி சொந்த ஊருக்குப் போகிறாள் என்று தன் சின்னக் காரை விற்கப் பார்த்தாள். மனைவியோடு போய்ப் பார்த்தேன். நல்ல கார். முடிக்க இருந்தோம். மச்சான் விடவில்லை.

"வெளியாள் வண்டி எதுக்கு உனக்கு? நான் புதுசு எடுக்கப் போறேன். என்னோடத எடுத்துக்க. மாப்ள கையால பார்த்த எஞ்சின். அதவிட என்னா வேணும்?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது உண்மைதான். அந்த எஞ்சினின் லிஃப்டர்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியது நான்தான்.

லிஃப்டர் என்பது கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் போல இருக்கும். உள்ளே எண்ணெய் நிற்கும். அந்த எண்ணெயின் பலத்தில் அது நிமிர்ந்து நின்று, மேலே சுழலும் கேமுக்கும் கீழே இருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ளும். தேய்ந்துபோனால் எண்ணெய் நிற்காது. இடைவெளி விழும். கேம் வந்து தட்டும். அதுதான் டிக் டிக்.

எனக்கு ஒரு பழக்கம். எந்த லிஃப்டரைப் போட்டாலும் உள்பக்கச் சுவரில் கோடு போடுவேன். முதல் சிலிண்டருக்கு ஒரு கோடு. இரண்டாவதுக்கு இரண்டு. அப்படியே நாலு வரை. லிஃப்டர் ஒரு குழியில் பழகிவிட்டால் மறுபடி அதே குழிக்குத்தான் போக வேண்டும். வெளிப்பக்கம் கீறக் கூடாது, அது உரசும் இடம். உள்பக்கம் எதுவும் உரசாது. கழற்றித் திருப்பிப் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

கோடு போடும் கருவி என்னுடையது. பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் முதலில் வேலைக்குப் போனது டவுனில் ஒரு பாத்திரக் கடைக்கு. சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவது என் வேலை. கல்யாணத்துக்கு, சடங்குக்கு, புது வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கொடுப்பவர் பேரை வெட்டச் சொல்வார்கள். எழுத்து எனக்கு அதிகம் வராது. தாளில் எழுதித் தருவதைப் பார்த்து அப்படியே வெட்டுவேன். அந்தக் கடையை மூடியபோது கருவியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பட்டறைக்குக் கொண்டு வந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு மச்சான் தங்கைக்குக் கொடுத்த குடத்திலும் அவர் பேரை வெட்டியது நான்தான்.

பட்டறையில் மச்சான் இதை வைத்துக் கேலி செய்வார். "பாரு, லிஃப்டருக்குச் சீர்வரிசை வைக்கிறான். அன்புடன்னு எழுது மாப்ள." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

காரைக் கொடுத்த நாளில் அவரே ஓட்டி வந்து ஃப்ளாட்டின் கீழே நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. என் மனைவி மஞ்சள் வைத்தாள், பூ வைத்தாள். எலுமிச்சைப் பழம் வைத்து ஏற்றினோம்.

பழைய கார் வாங்கும் யாருக்கும் நான் சொல்வது ஒன்று. முதலில் பானட்டில் கையை வை. சூடாக இருந்தால் திரும்பிப் போ. நாளைக்கு வருகிறேன், ஆறிப்போன எஞ்சினை என் முன்னால் ஸ்டார்ட் செய் என்று சொல். எஞ்சின் பொய் சொல்வது சூட்டில்தான்.

அன்றைக்கு நான் பானட்டில் கை வைக்கவில்லை. அவர் தங்கை பக்கத்தில் நிற்கிறாள். அவள் முன்னால் அவள் அண்ணன் வண்டியில் கை வைத்துச் சூடு பார்ப்பதா? எங்கள் ஆட்களில் அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு தட்டு கேட்டு அடங்கியிருக்கும்; ரேடியோவில் அவளுக்குக் கேட்டிருக்காது. எண்ணெய் மாற்றும் தவணை வந்தது. பழைய எண்ணெயை இறக்கினேன். அது ஒழுகிய விதமே வேறு. பாகு மாதிரி நூல் நூலாக இறங்கியது. லாரிக்கு ஊற்றும் எண்ணெயா, இல்லை கெட்டிப்படுத்தும் மருந்து ஏதாவது கலந்ததா என்று யோசித்தேன். பழைய எஞ்சின் என்று மச்சான் ஊற்றியிருப்பார் என்று விட்டுவிட்டேன். அந்தக் காருக்கு உரிய எண்ணெயை ஊற்றினேன். அந்த வாரமே சத்தம் வந்தது.

மறுநாள் அவளைத் தோழி ஒருத்தியின் காரில் போகச் சொல்லிவிட்டு, காரைப் பட்டறைக்குக் கொண்டு போனேன். மச்சான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கார் உள்ளே நுழையும்போதே சத்தம் அவர் காதில் விழுந்தது. கோப்பியைக் கீழே வைத்தார்.

"என்னா மாப்ள இது, தையல் மிஷினா?"

"லிஃப்டர் மாதிரி இருக்கு."

"லிஃப்டரா? நீதான மாத்துன? உன் கைய நீயே சந்தேகப்படறியா?" என்று சிரித்தார். "இஞ்செக்டர் சத்தமா இருக்கும். இல்லன்னா பெல்ட் டென்ஷனர். பாரு."

பார்த்தேன். எண்ணெய் அளவு சரியாக இருந்தது. ஃபில்டரை மாற்றினேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சத்தம் போகவில்லை. இருந்தாலும் அவர் சொன்னார் என்று பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரையும் மாற்றினேன். போகவில்லை.

நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். பெட்ரோல் பீச்சும் இஞ்செக்டர் ஒவ்வொன்றிலும் வைத்தேன். அதன் சத்தம் மெல்லியது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. வால்வு மூடியின் மேல் வைத்தேன். அங்கே காதைக் குத்தியது. ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில்.

பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கீழே பேரிங் போயிருந்தால் அந்தச் சிலிண்டரின் வயரைக் கழற்றும்போது சத்தம் குறையும். குறையவில்லை. எண்ணெய் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினேன். அழுத்தம் நன்றாக இருந்தது. அப்படியென்றால் பம்ப் நல்லது, கீழே நல்லது. மேலேதான் கோளாறு. எண்ணெய் போகிறது, ஆனால் லிஃப்டரில் நிற்கவில்லை.

நான் போட்ட லிஃப்டர் இவ்வளவு சீக்கிரம் தேயாது. ஒன்று போகலாம். இத்தனையும் சேர்ந்து போகாது. என்னால் அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

"தொறந்து பார்த்துடறேன் மச்சான்."

"எதுக்கு? தொறந்தா ரெண்டு நாளு இடத்த அடைக்கும். வேலை குமிஞ்சி கிடக்கு. எஞ்சின் கழுவற எண்ணெய் ஊத்தி ஓட்டு, சரியாப் போகும். இல்லன்னா கொஞ்சம் கெட்டி எண்ணெயா ஊத்தேன்லா. நீ ஊத்துனது தண்ணி."

கழுவும் எண்ணெய் ஊற்றி ஓட்டினேன். சரியாகப் போகவில்லை. கெட்டி எண்ணெய் ஊற்றவில்லை. சத்தத்தை மறைப்பதும் கோளாறைச் சரிசெய்வதும் ஒன்றில்லை.

அந்த நாட்களில் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். மச்சான் அவர்களிடம் சொல்வார். "மாப்ள வீட்டுக்காரி வண்டி. ஊரான் வண்டியெல்லாம் இவன் தொட்டாப் பேசாது. பொண்டாட்டி வண்டி மட்டும் வாயாடுது." ஒரு ஆள் கேட்டான், "அண்ணே, அக்காவ மாதிரியே வண்டியுமா?" மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

வீட்டில் அவள் கேட்டாள், "என்னாச்சு?"

"பாத்துட்டிருக்கேன்."

"அண்ணன் என்னா சொல்லுது?"

"எண்ணெய்யா இருக்கும்னு சொல்றாரு."

"அண்ணனுக்குத் தெரியாததா? அது சொல்ற மாதிரி செய்ங்களேன்."

எத்தனை நாள்தான் தோழி காரில் போவாள்? மறுவாரம் அவள் மறுபடி இதையே எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சத்தத்தோடு பாலம் கடந்தாள். லிஃப்டர் சத்தத்தில் எஞ்சின் உடனே நின்றுவிடாது. ஆனால் நாளாக நாளாகக் கேமைத் தின்றுவிடும். அப்புறம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் போய்ச் சேர்ந்து ஃபோன் செய்யும்வரை நான் ஸ்பானரைக் கையில் எடுப்பதில்லை.

விஷயத்தைத் திறந்துவிட்டவர் ஒரு மலாய்க்காரர். வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். பக்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் மாமா என்ற மாதிரி. அவருடைய காருக்கும் இதே எஞ்சின்தான். பிரேக் பார்க்க வந்தார். அவள் விடுமுறை நாள் என்பதால் காரை நான் கொண்டு வந்து நிறுத்தியிருந்தேன். ஸ்டார்ட் செய்தேன். பக்சிக் விரலைத் தூக்கினார்.

"இதே சத்தம்! என் கார் இப்படித்தான் கத்தியது. உன் மச்சான் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். புது லிஃப்டர். கேட்டுப் பார்" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தன் காரை ஸ்டார்ட் செய்தார். பூனை மாதிரி ஓடியது. "நீ ஏன் கஷ்டப்படுகிறாய்? அவரிடமே கேள் லா."

"எப்போது மாற்றினார்?"

"நீ அப்போது இல்லை. யாருக்கோ கல்யாணம் என்று மனைவியோடு ஈப்போவுக்குப் போயிருந்தாய்."

எனக்கு நினைவு வந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் போகச் சொல்லி வற்புறுத்தியதே மச்சான்தான். அதற்குப் பிறகுதான் புதுக் கார் எடுப்பதாகச் சொன்னார். இந்த எஞ்சினுக்கு லிஃப்டர் கடையில் இருக்காது. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும், வாரக் கணக்கில் ஆகும். ஒரே நாளில் புது லிஃப்டர் எங்கிருந்து வந்தது?

மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆள் இருந்தாரா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை அடைப்பு. சாவி என்னிடமும் ஒன்று உண்டு. தனியாகப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினேன். டைமிங் பெல்ட்டைக் கழற்றி, கேமை எடுத்தேன். லிஃப்டர்கள் வரிசையாகத் தெரிந்தன. முதலாவதின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நல்ல லிஃப்டர் கல் மாதிரி நிற்கும். இது பஞ்சு மாதிரி அமுங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

காந்தத்தால் ஒன்றை இழுத்து எடுத்தேன். துணியில் துடைத்தேன். திருப்பினேன்.

உள்ளே கோடு இல்லை.

வெளிச்சம் போதவில்லை என்று ஷட்டரைத் தூக்கினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. எல்லாவற்றையும் எடுத்தேன். ஒன்றிலும் இல்லை. சிலது ஒரு கம்பெனி, சிலது வேறு கம்பெனி. மேல்முகம் குழி விழுந்திருந்தது. எங்கோ வெட்டிப் போட்ட பழைய எஞ்சின்களிலிருந்து பொறுக்கியவை.

என்னுடையவை பக்சிக்கின் காரில் ஓடிக்கொண்டிருந்தன. அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஒரு டயரின் மேல் உட்கார்ந்தேன். லிஃப்டரைத் திருடியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் கார், அவர் சாமான், யாருக்கு வேண்டுமானாலும் கழற்றிப் போடட்டும். நான் தேடினேனே, அதுதான் உறுத்தியது. ஒவ்வொரு நாளும் குனிந்து தேடினேன். அவர் பக்கத்தில் நின்று கோப்பி குடித்துக்கொண்டு டென்ஷனரைப் பார், இஞ்செக்டரைப் பார் என்றார். சிரித்தார். மற்றவர்களையும் சிரிக்க வைத்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அவருடைய தங்கை அந்தக் காரில்தான் பாலம் ஏறுகிறாள் என்பதும் தெரியும்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஊதுபத்தி கொளுத்தி சாமி படத்துக்குக் காட்டிவிட்டு, டூல் பெட்டி, வெல்டிங் மிஷின் என்று ஒவ்வொன்றுக்கும் காட்டிக்கொண்டு வந்தார். என் மேசையில் டீசல் ஊற்றிய தட்டில் லிஃப்டர்களைப் பரப்பி வைத்திருந்தேன். அங்கே வந்து நின்றார்.

"நேத்து வந்தியா மாப்ள?"

"வந்தேன்."

"எதத் தொறந்த?"

"உங்க தங்கச்சி வண்டிய."

ஊதுபத்திச் சாம்பல் தட்டுக்குள் விழுந்தது.

"தொறக்க வேணாம்னு சொன்னேன்லா."

"இதுல என் கோடு இல்ல."

"என்னா கோடு?"

ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முகத்தில் தெரிந்தது. சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"பாத்திரக் கோடா."

லிஃப்டரைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"பக்சிக்குக்கு அவசரம் மாப்ள. வண்டி ஓடுனாத்தான் அவருக்குச் சோறு. சாமான் வர நாளாகும்னு கடைக்காரன் சொல்லிட்டான். என் வண்டி சும்மாத்தான நின்னுச்சு? அப்ப அது என் வண்டி."

"தங்கச்சிக்குக் குடுக்கறப்ப?"

"புதுசு போட்டுத்தான் குடுக்கணும்னு இருந்தேன். மறந்து போச்சு."

"கெட்டி எண்ணெய் ஊத்த மறக்கல."

அவர் ஊதுபத்தியை எங்கே சொருகுவது என்று தேடினார்.

"நீ பாட்டுக்கு எண்ணெய மாத்தாம இருந்திருந்தா சத்தமே வந்திருக்காதுலா."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நியாயம் சொல்வது போலத்தான் சொன்னார்.

"நான் தேடுனப்ப சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"எப்படிச் சொல்றது? வீட்டுக்குத் தெரிஞ்சிடும். அவ தாங்க மாட்டா மாப்ள. என்மேல உசுரா இருக்கா." குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லாத. புது செட் நான் வர வைக்கிறேன்."

நான் லிஃப்டர்களை ஒவ்வொன்றாக டீசலில் அமுக்கி, காற்றை எடுத்து, எண்ணெயில் நனைத்து மறுபடி பொருத்தினேன். வேறு வழியில்லை. இடத்தைக் காலி செய்ய வேண்டும். காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சத்தமும் கூடவே வந்தது.

"இத எடுக்காத. தோழி வண்டியிலயே போ" என்று மனைவியிடம் சொன்னேன்.

"என்னா கோளாறு?"

"லிஃப்டர்."

"நீங்க போட்டதா?"

கை கழுவினேன்.

"நீங்க போட்டது போகாதுன்னு சொன்னீங்களே."

துண்டை எடுத்துத் துடைத்தேன். அவள் நகரவில்லை. சொல்லாதே என்று அவர் கேட்டது ஞாபகத்தில் இருந்தது. பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை.

"அன்னைக்கு வண்டி வந்தப்ப நான் பானட்ல கை வைக்கல" என்றேன்.

பானட்டில் ஏன் கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஊருக்குப் போகிறவளின் சின்னக் காரைப் பார்க்கப் போனபோது அவளும் கூட வந்தாள், நான் கை வைத்ததைப் பார்த்தாள்.

அவள் கேட்டாள், "அண்ணனுக்குத் தெரியுமா?"

நான் செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அடுப்பில் இருந்ததைக் கிண்டப் போனாள். கிண்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் மச்சான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ரம்புத்தான். புது செட்டுக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது, கவலையில்லை என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பையை வாங்கி வைத்தாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் கீழ வாங்க."

"என்னாம்மா?"

"வாங்களேன்."

நானும் பின்னால் இறங்கினேன். கார் நாலு நாளாக அசையாமல் நின்றிருந்தது. கண்ணாடியில் தூசு.

"பானட்ல கைய வைங்கண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

"எதுக்கும்மா?"

"வைங்க."

வைத்தார்.

"சூடா இருக்கா?"

"இல்ல."

சாவியை நீட்டினாள். "ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஆறிப்போன எஞ்சின். சத்தம் கார் நிறுத்தும் இடம் முழுவதும் பரவியது. மேல்தளம் தாழ்வாக இருப்பதால் அங்கே மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கீழ் வீட்டுச் சீன ஆன்ட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மச்சான் சாவியைத் திருப்பப் போனார்.

"இருக்கட்டும்ணே. கேளுங்க."

கையை எடுத்துக்கொண்டார்.

"இதக் கேட்டுக்கிட்டுத்தான் பாலம் ஏறுனேன்" என்றாள். "அண்ணன் குடுத்தது, ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுப் போனேன்."

அவள் அழவில்லை. கத்தவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ சொன்னார். சத்தத்தில் காதில் விழவில்லை. என்ன என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அவளே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

"இல்லம்மா. வேலை இருக்கு."

எங்கள் வீட்டில் சாப்பிடாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. அவள் ரம்புத்தானை அப்படியே கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டாள்.

அவர் சொல்லி வைத்த செட்டுக்கு நான் காத்திருக்கவில்லை. வேறு கடையில் நானே சொல்லி வரவழைத்தேன். அதற்குள் ஜெலுத்தோங் பட்டறையை விட்டு நின்றுவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. பட்டறைச் சாவியை மேசையில் வைத்தேன். என் ஸ்க்ரூ டிரைவரையும் பேர் வெட்டும் கருவியையும் எடுத்துக்கொண்டேன். "எங்க போற மாப்ள?" என்று கேட்டார். "வேலைக்கு" என்றேன்.

இப்போது பாயான் லெப்பாஸில், தொழிற்சாலை பஸ்களைப் பார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். பெரிய டீசல் எஞ்சின்கள். அவற்றில் இந்த மாதிரி லிஃப்டர் இல்லை. சத்தம் போடுவதுதான் அவற்றின் குணம். யாரும் எதையும் மறைக்க முடியாது.

புது செட் வந்ததும் அங்கேயே ஒரு விடுமுறை நாளில் காரைக் கொண்டு போய்ப் போட்டேன். கோடும் போட்டேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் போகவில்லை. பலகாரம் கொடுத்துவிட்டு, உட்காராமல் திரும்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். சீக்கிரமே வந்துவிட்டாள். அவர் கொடுத்த குடம் இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. தண்ணீர் பிடிக்கிறோம். அவர் பேர் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது. அது தற்செயலா, அவள் திருப்பி வைத்தாளா, எனக்குத் தெரியாது. நானும் திருப்பவில்லை.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. சத்தம் என்பதே இல்லை. ஆனாலும் காலையில் அவள் ஸ்டார்ட் செய்ததும் உடனே கிளம்புவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவைப் போடாமல், அப்படியே உட்கார்ந்திருப்பாள். மேலே ஜன்னலோரம் படுத்திருக்கும் எனக்கு அது கேட்கும். எஞ்சின் மட்டும் ஓடும். வேறு எதுவும் இருக்காது. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் கண்ணாடியை ஏற்றுவாள்.